கூழ் ஏன் அடிப்பிடிக்கிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மாங்கூழ்ப் பருவத்தை ஒட்டிக் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பல, ஒரே பொருளைப் பற்றியே கேட்டிருக்கின்றன: தண்ணீரைப் போல ஓடாத, தண்ணீரைப் போலச் சூடேறாத திரவங்கள். ஆலையிலிருந்து வந்த கடிதமும் அடுப்படியிலிருந்து வந்த கடிதமும் அடிப்படையில் ஒரே இயற்பியலைத்தான் கேட்கின்றன என்பதால், இம்முறை வேறு கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு இவற்றுக்கு மட்டுமே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். காவேரிப்பட்டினம் அருகே சிறிய அளவில் மாங்கூழ் தயாரிக்கிறோம். நீராவி உறை பொருத்திய கொப்பரையில் தோத்தாபுரிக் கூழைச் சூடேற்றும்போது, சுவரை ஒட்டிய கூழ் பழுப்பேறி அடிப்பிடித்துவிடுகிறது; நடுவில் இருக்கும் கூழோ வெதுவெதுப்பாகவே நிற்கிறது. நீராவி அழுத்தத்தைக் கூட்டிப் பார்த்தோம், கருகல்தான் கூடியது. இதே கொப்பரையில் தண்ணீர் ஊற்றினால் விரைவாகக் கொதித்துவிடுகிறது. கூழுக்கு மட்டும் ஏன் இப்படி?

பதில்: தண்ணீர் விரைவாகச் சூடேறுவதற்குக் காரணம் அது வெப்பத்தை நன்றாகக் கடத்துவது அன்று. தண்ணீரின் வெப்பக் கடத்துத்திறன் மீட்டருக்கு, கெல்வினுக்குச் சுமார் 0.6 வாட், உங்கள் கொப்பரையின் எவர்சில்வர் தகட்டுக்கு அது 15 வாட்டை ஒட்டியது. மாங்கூழின் பெரும்பகுதி தண்ணீரே என்பதால் அதன் கடத்துத்திறனும் ஏறத்தாழ தண்ணீரின் அளவுதான். ஆகவே வேறுபாடு கடத்தலில் இல்லை, அசைவில் இருக்கிறது. சூடான தண்ணீர் லேசாகி மேலே எழுகிறது, குளிர்ந்த தண்ணீர் கீழிறங்கிச் சுவரைத் தொடுகிறது. இந்த வெப்பச்சலனம்தான் சுவரிலிருந்து வெப்பத்தை வாரிக்கொண்டு போகிறது. கூழில் இந்தச் சுழற்சி எழுவதே இல்லை.

ஏன் எழுவதில்லை என்பதற்கு, திரவம் ஓடும் முறையைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஓடும் திரவத்தில் ஓர் அடுக்கு இன்னோர் அடுக்கின்மேல் நழுவுகிறது. அந்த நழுவலுக்கு எதிராக எழும் தகைவு (ஓர் அலகு பரப்பில் செயல்படும் விசை), நழுவும் வீதத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று நியூட்டன் 1687இல் வெளியான தம் நூலில் ஒரு கருதுகோளாக எழுதினார். தண்ணீர், எண்ணெய், சர்க்கரைப் பாகு ஆகியவை இந்த விதிக்குக் கட்டுப்படுகின்றன. அவற்றின் பாகுநிலையை, அதாவது ஓட்டத்துக்குக் காட்டும் தடையை, ஒரே ஓர் எண்ணால் சொல்லிவிடலாம். மாங்கூழ் கட்டுப்படுவதில்லை. அதில் மிதக்கும் நார்களும் உடைந்த செல் சுவர்த் துணுக்குகளும் பெக்டின் என்ற பசைப்பொருளும் ஒன்றோடொன்று பின்னி ஒரு வலையாக நிற்கின்றன. இந்த வலை அறுபடும் அளவுக்குத் தகைவு கொடுத்தால்தான் கூழ் அசையவே தொடங்கும். அந்தக் குறைந்தபட்ச அளவைத் தொடக்கத் தகைவு என்போம். அசையத் தொடங்கிய பிறகோ, எவ்வளவு வேகமாக நழுவ வைக்கிறோமோ அவ்வளவுக்கு அது இளகுகிறது. தொடக்கத் தகைவு கொண்ட பொருள்களைப் பற்றி அமெரிக்க வேதியியலாளர் பிங்காம் 1922இல் நூலாகவே எழுதினார்; தொடக்கத் தகைவையும் இளகலையும் ஒரே சமன்பாட்டில் ஹெர்ஷெல், பல்க்லி ஆகிய இருவரும் 1926இல் சேர்த்தனர். இன்றும் பழக்கூழ்களைக் கணக்கிட அந்தச் சமன்பாடு பயன்படுகிறது.

இப்போது உங்கள் கொப்பரைக்கு வருவோம். தண்ணீர் 20 டிகிரி செல்சியஸிலிருந்து 80 டிகிரிக்குச் சூடானால், அதன் அடர்த்தி கன மீட்டருக்கு 998 கிலோவிலிருந்து 972 கிலோவாகக் குறைகிறது. மூன்று விழுக்காட்டுக்கும் குறைவான வேறுபாடு. இந்தச் சிறு வேறுபாட்டால் பிறக்கும் மிதப்பு விசை தண்ணீரைச் சுழற்றப் போதும். கூழின் வலையை அறுக்கப் போதாது. எனவே சுவரை ஒட்டிய மெல்லிய அடுக்கு நகராமல் அங்கேயே நின்று மேலும் மேலும் சூடேறுகிறது. அதிலிருந்து நீர் ஆவியாகி அந்த அடுக்கு இன்னும் கெட்டியாகிறது. சர்க்கரை செறிந்து பழுப்பேறுகிறது. கடைசியில் சுவரில் பொருக்காகப் படிந்து, பின்னால் வரும் வெப்பத்தையும் தடுக்கிறது. அழுத்தமானி 1 பார் காட்டும்போது நீராவியின் வெப்பநிலை சுமார் 120 டிகிரி, 3 பார் காட்டும்போது சுமார் 143 டிகிரி. அழுத்தத்தைக் கூட்டியபோது நீங்கள் உண்மையில் செய்தது, நகராமல் நிற்கும் அந்த அடுக்குக்கு மேலும் 20 டிகிரிக்கு மேல் சூட்டைக் கொடுத்ததுதான். நடுப்பகுதிக்கு அதனால் கிடைத்தது மிகக் குறைவு.

ஆகவே, அழுத்தத்தைக் குறையுங்கள், அசைவைக் கூட்டுங்கள் என்பதே என் உறுதியான பரிந்துரை. ஆனால் எப்படிக் கலக்குகிறோம் என்பது மிக முக்கியம். கொப்பரையின் நடுவில் ஒரு சிறிய விசிறியை வைத்து வேகமாகச் சுழற்றினால், விசிறியைச் சுற்றியுள்ள கூழ் மட்டும் இளகிச் சுழலும். சற்றுத் தள்ளி, தகைவு தொடக்க அளவுக்குக் கீழே இறங்கும் இடத்தில், கூழ் அப்படியே உறைந்து நிற்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மோட்டார் ஓடுகிறது, விசிறி சுழல்கிறது. உள்ளே ஒரு பொந்து அளவுக்கு மட்டுமே கலக்கல் நடக்கிறது. கலக்கியைச் சுற்றியுள்ள சராசரி நழுவு வீதம் கலக்கியின் சுழற்சி வேகத்துக்கு நேர்விகிதத்தில் அமைகிறது என்பதை மெட்ஸ்னர், ஆட்டோ ஆகிய ஆய்வாளர்கள் 1957இல் காட்டினர். அந்த வீதம் கலக்கியை விட்டு விலக விலக விரைவில் தேய்ந்துவிடும். எனவே உங்களுக்கு வேண்டியது வேகமான சிறு விசிறி அன்று. கொப்பரையின் சுவரை ஒட்டியே மெதுவாகச் சுற்றும் நங்கூர வடிவக் கலக்கி. அதன் விளிம்பில் சுவரைச் சுரண்டும் உணவுத்தரப் பிளாஸ்டிக் பட்டைகளைப் பொருத்தினால் இன்னும் நல்லது. பெரிய ஆலைகளில் உள்ள சுரண்டு பரப்பு வெப்பமாற்றிகள் இதைத்தான் செய்கின்றன: சுவரில் சூடேறிய அடுக்கை அது கருகுவதற்கு முன்பே வழித்து நடுவுக்கு அனுப்பிவிட்டு, குளிர்ந்த கூழைச் சுவருக்குக் கொண்டு வருகின்றன. கொப்பரையைக் காலியாக இருக்கும்போதே சூடேற்றிவிட்டுப் பிறகு கூழை ஊற்றும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: பென்னாகரம் பக்கம் மலைத்தேன் வாங்கி விற்கிறேன். தேனும் மாங்கூழைப் போலக் கெட்டியாகத்தானே இருக்கிறது? அதுவும் அதே வகைத் திரவமா?

பதில்: பொதுவாக இல்லை. தேன் கெட்டியானது, ஆனால் நியூட்டனின் விதிக்குக் கட்டுப்படுவது. மெதுவாகக் கிளறினாலும் வேகமாகக் கிளறினாலும் அதன் பாகுநிலை மாறாது. கரண்டியில் எடுத்து ஊற்றிய தேன் எவ்வளவு நேரமானாலும் முழுவதும் மட்டமாகிவிடும், கூழைப் போலக் குவியலாக நிற்காது. தேனை இளக்கக் கூடியது வெப்பம்: சில டிகிரி கூடினாலே அதன் பாகுநிலை வெகுவாகக் குறையும். எனவே தேன் பாத்திரத்தை வெந்நீரில் வைத்தால் போதும். நேரடித் தீயில் வைக்க வேண்டியதில்லை. உறைந்து சர்க்கரைப் படிகம் கட்டிய தேன் மட்டும் விதிவிலக்கு. அதில் படிகங்கள் மிதப்பதால் அது கூழைப் போல நடந்துகொள்ளும்.

கேள்வி: பாலக்கோட்டில் தக்காளி விலை இறங்கும் நாள்களில் நிறைய வாங்கித் தொக்கு செய்து வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். ரசம் கொதிக்கும்போது தெறிப்பதில்லை. தொக்கு மட்டும் சுண்டச் சுண்டக் கையெல்லாம் சுடும்படி தெறிக்கிறது. தீயைக் குறைத்தாலும் நிற்பதில்லை. இதற்கு என்ன காரணம்?

பதில்: ரசத்தில் அடியில் உருவாகும் நீராவிக் குமிழி சிறியதாக இருக்கும்போதே எளிதில் மேலே வந்துவிடுகிறது. தொக்கில், நீங்கள் சொல்வதுபோல, சுண்டச் சுண்டத் தொடக்கத் தகைவு ஏறிக்கொண்டே போகிறது. சிறு குமிழிக்கு உள்ள மிதப்பு விசை தொக்கின் வலையை அறுத்து மேலே வரப் போதாது. அது இருந்த இடத்திலேயே சிறைப்படுகிறது. ஆனால் அடியிலிருந்து வெப்பம் வந்துகொண்டே இருப்பதால் ஆவி மேலும் சேர்கிறது, குமிழி பெருக்கிறது, பக்கத்துக் குமிழிகளோடு இணைகிறது. வலையை அறுக்கும் அளவுக்கு அது வளர்ந்துவிட்ட கணத்தில் ஒரே வீச்சில் மேலெழுகிறது. எழும் வேகத்தில் சுற்றியுள்ள தொக்கு நழுவி இளகிவிடுவதால் வழியும் எளிதாகிறது. மேற்பரப்பைக் கிழித்து வெளிவரும்போது கொதிநிலையில் உள்ள தொக்கை அள்ளி வீசுகிறது. தெறித்த துளி தோலில் ஒட்டிக்கொண்டு வழிந்தோடாமல் நிற்பதும் அதே தொடக்கத் தகைவால்தான். கொதித்த ரசத் துளியைவிடத் தொக்குத் துளி மோசமாகச் சுடுவதற்கு அதுவே காரணம்.

தீயை மட்டும் குறைத்தால் குமிழிகள் உருவாகும் வேகம் குறையுமே தவிர, ஒவ்வொரு குமிழியும் அதே அளவுக்குப் பெருத்த பிறகே வெடிக்கும். அடியைத் தொட்டுக்கொண்டு இடைவிடாமல் கிளறுவதுதான் வழி; கரண்டி போகும் தடத்தில் வலை அறுந்து, ஆவி சிறு சிறு குமிழிகளாக வெளியேறும். அகலமான, ஆழம் குறைந்த வாணலியில் தொக்கை மெல்லிய படலமாகப் பரப்பிச் சுண்டவைத்தால் குமிழி கடக்க வேண்டிய தூரம் குறைவதால் தெறிப்பும் வெகுவாகக் குறையும். எண்ணெய் பிரியும் கட்டத்தில் தெறிப்பு தணிவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். வாணலியின் அடிக்கும் தொக்குக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் வந்துவிடுவதும், ஆவியாகக் கூடிய நீர் பெரும்பாலும் தீர்ந்துவிடுவதும் அதற்குக் காரணங்கள்.

கேள்வி: கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையில் தொழில்நுட்பப் பணியாளராக இருக்கிறேன். கூழைக் குழாய் வெப்பமாற்றியில் சூடேற்றி, தாங்கு குழாய் வழியாகச் செலுத்தி, குளிர்வித்து, 215 கிலோ பீப்பாய்களில் கிருமி நீக்கிய பைகளில் நிரப்புகிறோம். ஸ்க்ரூ பம்பின் வேகத்தை இருமடங்காக்கியபோது அழுத்தமானி கால் பங்கு அளவுக்குத்தான் ஏறியது. அழுத்தமானி பழுதா? தாங்கு குழாயின் நீளத்தைச் சராசரி வேகத்தை வைத்துக் கணக்கிடலாமா? குளிர்விப்பானில் எவ்வளவு குளிர்ந்த நீரைவிட்டாலும் சில வேளைகளில் கூழ் சூடாகவே வெளிவருவது ஏன்?

பதில்: அழுத்தமானி சரியாகத்தான் காட்டுகிறது. பழக்கூழ்களுக்குத் தகைவானது நழுவு வீதத்தின் ஓர் அடுக்குக்கு (இங்கே அடுக்கு என்பது திரவப் படலம் அன்று, கணிதத்தில் வரும் அடுக்குக்குறி) விகிதமாக அமைகிறது. அந்த அடுக்கைப் பாய்வுக் குறியெண் என்பர். நியூட்டன் விதிக்குக் கட்டுப்படும் திரவத்துக்கு அது 1. மாங்கூழுக்கு 0.3 ஐ ஒட்டி அமைவது வழக்கம். வரிச்சீர் ஓட்டத்தில் (அடுக்குகள் ஒன்றோடொன்று கலக்காமல் இணையாக நழுவும் ஓட்டத்தில்) அழுத்த இழப்பும் இதே அடுக்குக்குறியின்படிதான் ஏறும்: ஓட்டம் இருமடங்கானால், சர்க்கரைப் பாகுக்கு அழுத்தம் இருமடங்காகும், சுழற்சி ஓட்டத்தில் (அடுக்குகள் கலைந்து சுழிகளாகப் பாயும் ஓட்டத்தில்) உள்ள தண்ணீருக்கு மூன்று மடங்குக்கு மேலாகும், 0.3 குறியெண் கொண்ட கூழுக்கோ 1.23 மடங்குதான். நீங்கள் கண்ட கால் பங்கு ஏற்றம் இதனோடு நன்கு பொருந்துகிறது. குழாயின் விட்டத்தைப் பாதியாக்கினாலும் இதே போக்குதான்: பாகுக்கு அழுத்தம் 16 மடங்காகும், கூழுக்கு நான்கு மடங்குக்குக் குறைவே.

இந்த இளகல் பம்புக்கு வரம். தாங்கு குழாயில் அதுவே கவனத்தைக் கோருகிறது. இங்கே நான் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இது உண்பவரின் பாதுகாப்பைத் தொட்டது. தாங்கு குழாயில் கூழின் ஒவ்வொரு துணுக்கும் குறிப்பிட்ட வெப்பநிலையில் குறிப்பிட்ட நேரம் இருந்தாக வேண்டும். ஆனால் குழாயின் நடுவில் ஓடும் கூழ் சராசரியைவிட வேகமாக ஓடுகிறது. நியூட்டன் வகைத் திரவத்தின் வரிச்சீர் ஓட்டத்தில் நடுவேகம் சராசரியின் சரியாக 2 மடங்கு. பாய்வுக் குறியெண் 0.5 ஆனால் 1.67 மடங்கு, 0.3 ஆனால் 1.46 மடங்கு. சராசரி வேகம் விநாடிக்கு 0.3 மீட்டர் என்றும், கூழ் 60 விநாடி தங்க வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். சராசரியை நம்பினால் 18 மீட்டர் குழாய் போதும் என்று தோன்றும். அந்தக் குழாயில் நடுவே ஓடும் கூழ் 41 விநாடிகளில் வெளியேறிவிடும். 0.3 குறியெண்ணுக்கு ஏறத்தாழ 26 மீட்டர் வேண்டும். ஆனால் குறியெண் 0.3 தான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? மாவின் ரகம், பழுத்த பக்குவம், பிரிக்ஸ் அளவு (கரைந்துள்ள சர்க்கரையின் விழுக்காடு), நார் அரிக்கும் சல்லடையின் கண் ஆகிய எல்லாவற்றோடும் அது மாறும். அல்போன்சாவுக்கு எடுத்த எண்ணைத் தோத்தாபுரிக்குப் பயன்படுத்தக் கூடாது, பருவத் தொடக்கத்தில் எடுத்ததைக் கடைசி வாரத்துக்கும் பயன்படுத்தக் கூடாது. நொதி சேர்த்துப் பெக்டினைச் சிதைத்த கூழ் தண்ணீரின் நடத்தையை நோக்கியே நகர்ந்துவிடும். ஆகவே, அளந்து பார்த்த எண் கையில் இல்லாதவரை 2 மடங்கு என்று கொண்டு 36 மீட்டருக்கு அமைப்பதே பொறுப்பான முடிவு. கூடுதல் நீளத்தால் நிறம் சிறிது மங்கலாம். அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளலாம்.

குளிர்விப்பானில் நிகழ்வது சூடேற்றியில் நிகழ்வதன் மறுதலை. சூடேற்றியில் சுவர் வெப்பமாக இருப்பதால் சுவரோரக் கூழ் இளகி எளிதில் நழுவுகிறது. குளிர்விப்பானில் சுவர் குளிர்ந்திருப்பதால் சுவரோரக் கூழ் கெட்டிப்பட்டு ஏறத்தாழ நின்றுவிடுகிறது. நடுவில் உள்ள சூடான கூழ், அந்தக் கெட்டி அடுக்கே தனக்குக் குழாயாக அமைந்ததைப் போல, அதன் உள்ளே வழுக்கிக்கொண்டு வெளியேறுகிறது. குளிர்நீரின் வெப்பநிலையை மேலும் குறைத்தால் அந்த அடுக்கு தடிக்கும், நடுக்கூழ் இன்னும் வேகமாகத் தப்பும். பல குழாய்கள் இணையாக உள்ள குளிர்விப்பானில் இன்னொரு கேடும் உண்டு. ஒரு குழாயில் ஓட்டம் தற்செயலாகச் சற்றுக் குறைந்தால் அதிலுள்ள கூழ் அதிகமாகக் குளிர்ந்து கெட்டியாகும். கெட்டியானதால் ஓட்டம் இன்னும் குறையும். கடைசியில் அந்தக் குழாய் அடைத்துக்கொள்ள, மற்றக் குழாய்கள் தம் பங்குக்கு மேல் சூடான கூழைச் சுமக்கும். வெளியேறும் மொத்தக் கூழ் சூடாக இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கக் கூடும். ஒவ்வொரு குழாயின் வெளிமுனையிலும் தொட்டுப் பார்த்தோ வெப்பமானி வைத்தோ சோதித்தால் உடனே தெரிந்துவிடும். குழாய்களைத் தொடராக இணைப்பது, நெளிவுள்ள குழாய்களுக்கு மாறுவது, நடுக்கூழைச் சுவருக்குத் திருப்பும் அசையாக் கலப்பிகளை இடையிடையே வைப்பது ஆகியவை பயன் தரும். இவற்றுக்கான கூடுதல் அழுத்தம், நான் முன்பு சொன்ன காரணத்தால், நீங்கள் அஞ்சும் அளவுக்கு ஏறாது.

குளிரட்டும், மீதியைப் பீப்பாயில் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் நிரப்பிவிடாதீர்கள். பைக்குள் போன கூழ் அசைவதில்லை, எனவே வெப்பக்கடத்தல் ஒன்றுதான் வழி. கடத்தலால் வெப்பம் ஊடுருவ ஆகும் நேரம் தூரத்தின் இருமடிக்கு விகிதமானது. ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 12 நிமிடம் என்றால், இரண்டு சென்டிமீட்டருக்கு 48 நிமிடம், ஐந்து சென்டிமீட்டருக்கு ஐந்து மணி நேரம். பீப்பாயின் ஆரம் 28 சென்டிமீட்டரை ஒட்டியது. அதன் வெளிப்புறத்தை எப்போதும் குளிர்ந்தே வைத்திருந்தாலும், மையத்தில் உள்ள மிகைச்சூடு பாதியாகக் குறைய ஒரு நாளுக்கு மேல் ஆகும். கொட்டகையில் அடுக்கி வைத்தால் இன்னும் நீளும். அவ்வளவு நேரமும் நிறமும் மணமும் கெட்டுக்கொண்டிருக்கும்.

கேள்வி: கேழ்வரகுக் களி உருண்டை மேலே ஆறியபிறகும் உள்ளே வாய் வெந்துபோகும் அளவுக்குச் சுடுகிறது. அதே சட்டியில் கரைத்த கூழ் சீக்கிரம் ஆறிவிடுகிறது. இதுவும் அந்த இருமடிக் கணக்குதானா?

பதில்: ஆம், அதே கணக்குதான். களியில் மாவுச்சத்து வெந்து ஊதி, நீர் முழுவதையும் பிடித்து வைத்துக்கொள்வதால் உள்ளே எந்தச் சுழற்சியும் இல்லை. கரைத்த கூழைக் கிண்ணத்தில் ஆற்றும்போது அது நகர்கிறது, அடியிலுள்ளது மேலே வருகிறது. உருண்டையைப் பெரிதாகப் பிடிக்காமல் சிறிதாகப் பிடித்தாலோ, பிட்டுக் குழம்பில் தோய்த்தாலோ தடிமன் குறைந்து விரைவில் ஆறும்; அரை அளவு தடிமனுக்குக் கால் பங்கு நேரமே தேவை.

கேள்வி: அரூர் பக்கம் மரவள்ளிக் கிழங்கு மாவு எடுக்கும் இடத்தில் வேலை செய்கிறேன். தொட்டியின் அடியில் தங்கிய மாவில் மண்வெட்டியை ஓங்கிப் போட்டால் கல்லில் பட்டதுபோல எகிறுகிறது. மெதுவாக அழுத்தினால் இறங்குகிறது. இது ஏன்?

பதில்: கூழ் வேகத்தில் இளகுவதற்கு நேர்மாறான நடத்தை இது. பச்சை மாவுத் துகள்கள் நீரில் மிக நெருக்கமாக அடைந்திருக்கும்போது, மெதுவாக அழுத்தினால் துகள்களுக்கு இடையே நீர் நழுவி வழிவிட நேரம் கிடைக்கிறது. ஓங்கிப் போட்டால் நீருக்கு நேரமில்லை. துகள்கள் ஒன்றோடொன்று நேராக முட்டிப் பூட்டிக்கொள்கின்றன. மண்வெட்டியைச் சாய்வாக மெதுவாகச் செருகுங்கள், மணிக்கட்டுக்கும் நல்லது. இதே மாவு 60 முதல் 70 டிகிரிக்குச் சூடேறினால் துகள்கள் ஊதி வெந்து கஞ்சியாகிவிடும். அந்தக் கஞ்சி வேகத்தில் இறுகாது, இளகும். ஒரே பொருள் வெப்பத்தால் ஒரு வகையிலிருந்து எதிர் வகைக்கு மாறுவதை மாவுப்பாலில் மிகத் தெளிவாகக் காணலாம்.

கேள்வி: பர்கூரில் பொறியியல் படிக்கிறேன். இறுதியாண்டுத் திட்டப்பணியாக, மாங்கூழ் செல்லும் குழாய் வெப்பமாற்றியை வடிவமைக்கிறேன். பாகுநிலை மாறிக்கொண்டே இருந்தால் ரெனால்டு எண்ணை எப்படிக் கணக்கிடுவது? வகுப்பில் படித்த டிட்டஸ்–போல்ட்டர் சமன்பாட்டைப் பயன்படுத்தலாமா?

பதில்: பயன்படுத்தக் கூடாது அம்மா. டிட்டஸ், போல்ட்டர் ஆகியோரின் 1930ஆம் ஆண்டு வெப்ப மாற்றச் சமன்பாடு முழுமையான சுழற்சி ஓட்டத்துக்கு உரியது. கூழோ பெரும்பாலும் ரெனால்டு எண் (ஓட்டத்தின் உந்தத்துக்கும் பாகுநிலைத் தடைக்கும் உள்ள விகிதம்) 100க்கும் கீழே, வரிச்சீராக ஓடுகிறது. அந்தச் சமன்பாட்டில் எண்களை இட்டால் ஒரு விடை வரும், ஆனால் அதற்குப் பொருள் இருக்காது. ரெனால்டு எண்ணுக்கு, மெட்ஸ்னரும் ரீடும் 1955இல் தந்த பொதுமைப்படுத்திய வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒற்றைப் பாகுநிலைக்குப் பதிலாகப் பாய்வுக் குறியெண்ணும் கெட்டித்தன்மைக் குறியெண்ணும் (நழுவு வீதம் 1 ஆக இருக்கும்போது எழும் தகைவு) வருகின்றன. வரிச்சீர் ஓட்டத்தில் உராய்வுக் காரணி பழைய விதிப்படியே அமையுமாறு அது வரையறுக்கப்பட்டிருப்பதால், உங்கள் பாடநூல் வரைபடம் அப்படியே பயன்படும்.

வெப்பத்துக்கு, சுவரில் வெப்பப்பாய்வு சீராக உள்ள, முழுமையாக வளர்ந்த வரிச்சீர் ஓட்டத்தில் நுசெல்ட் எண் (வெறும் கடத்தலோடு ஒப்பிட்டு வெப்ப மாற்றத்தைக் காட்டும் எண்) நியூட்டன் திரவத்துக்கு 4.36 என்று படித்திருப்பீர்கள். பாய்வுக் குறியெண் 0.5 ஆனால் அது 4.75, 0.3 ஆனால் 5.14. கூழ் இளகுவதால் வெப்ப மாற்றம் வெகுவாக உயரும் என்று பலர் நம்புகின்றனர். கிடைப்பது 18 விழுக்காடு மட்டுமே. அதைவிடப் பெரிய விளைவு வேறிடத்தில் இருக்கிறது. வெப்பநிலைப் பாங்கு இப்படி முழுமையாக வளரத் தேவையான நீளம் ஏறத்தாழ 0.05, ரெனால்டு எண், பிராண்டல் எண் (உந்தம் பரவும் வேகத்துக்கும் வெப்பம் பரவும் வேகத்துக்கும் உள்ள விகிதம்), விட்டம் ஆகியவற்றின் பெருக்கல். ரெனால்டு எண் 20, பிராண்டல் எண் 7,000, விட்டம் 5 சென்டிமீட்டர் என்று வைத்துப் பாருங்கள்: 350 மீட்டர் வருகிறது. எந்த ஆலையிலும் அவ்வளவு நீளமான நேர்க்குழாய் கிடையாது. ஆகவே உங்கள் வெப்பமாற்றி முழுவதும் நுழைவுப் பகுதியிலேயே இயங்குகிறது, 5.14 என்பது அது ஒருபோதும் எட்டாத எல்லை, உண்மை மதிப்பு அதற்கு மேலேதான் இருக்கும். கிரேட்ஸ் எண்ணின் (ரெனால்டு எண், பிராண்டல் எண், விட்டத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம் ஆகியவற்றின் பெருக்கல்) மூன்றில் ஓர் அடுக்குக்குறிக்கு விகிதமான, நுழைவுப் பகுதிக்கு உரிய லெவெக் வகைத் தீர்வை எடுத்து, கூழின் இளகலுக்கான திருத்தக் காரணியையும், சுவருக்கும் நடுவுக்கும் உள்ள பாகுநிலை வேறுபாட்டுக்காகச் சீடரும் டேட்டும் 1936இல் தந்ததை ஒத்த திருத்தத்தையும் சேருங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கூழை அளக்க வேண்டும். சுழல் தண்டு ஒன்றை ஒரே வேகத்தில் சுற்றி ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டால் அது வடிவமைப்புக்கு உதவாது. குறியெண் 0.3 ஆக இருக்கும் கூழில், நழுவு வீதம் நூறு மடங்கானால் பாகுநிலை 25இல் ஒரு பங்காகிவிடும். எந்த வீதத்தில் எடுத்த எண் என்று தெரியாமல் அதை எங்கும் பொருத்த முடியாது. 5 சென்டிமீட்டர் குழாயில் விநாடிக்கு 0.5 மீட்டர் வேகத்தில் ஓடும் இதே கூழின் சுவர் நழுவு வீதம் விநாடிக்குச் சுமார் 127. கொப்பரையின் ஓரத்தில் அது 1ஐக்கூட எட்டாமல் இருக்கலாம். ஆகவே உருளைக்குள் உருளை சுழலும் மானியில், விநாடிக்கு 1 முதல் 300 வரையான வீதங்களில், 25 டிகிரியிலிருந்து 90 டிகிரி வரை குறைந்தது நான்கு வெப்பநிலைகளில் அளவெடுங்கள். ஒவ்வொரு முறையும் புதிய மாதிரியை எடுத்து, அதை ஒரே அளவு நேரம் கலக்கிவிட்டுத் தொடங்குங்கள். ஏனெனில் கலக்கிய கூழின் வலை மீண்டும் கட்டிக்கொள்ள நேரமாகும், கலக்காத மாதிரியும் கலக்கிய மாதிரியும் ஒரே எண்ணைத் தரா. உயர் வெப்பநிலைகளில் மாதிரியின் மேற்பரப்பு காயாமல் மூடி வையுங்கள். வேகத்தை ஏற்றும்போது எடுத்த அளவும் இறக்கும்போது எடுத்த அளவும் ஒத்துவராவிட்டால், இறக்கும்போது எடுத்ததைக் குழாய்க் கணக்குக்கும், ஏற்றும்போது எடுத்ததைப் பம்பை நிறுத்தி மீண்டும் தொடங்கும் அழுத்தத்துக்கும் பயன்படுத்துங்கள்.